கட்டிப் போட்ட கால்



என் இடது புருவத்தில் இருக்கிற தழும்பைப் பார்த்து, கீழே விழுந்துட்டியான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. விழவில்லை. போன கோடை விடுமுறையில் நம்ம ஊர் ஏரி வத்தினப்போ அண்ணன்களோட கிரிக்கெட் ஆடினேன். ஒரு பந்து எகிறி வந்து அடிச்சிடுச்சு. மூன்று தையல். அதிலிருந்து யாராவது வேகமாகப் பந்து போட ஓடி வந்தாலே என் கால் தானாக விலகிப் போயிடும். மட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஸ்டம்ப் மட்டும் நடுவில் அம்போன்னு நிற்கும்.

எனக்கு மட்டையைச் சுத்தவே தெரியலைன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தான். நம்ம விளையாட்டு ஆசிரியைதான் கையை விட்டுட்டு காலைப் பார்க்கச் சொன்னார். ஏரிப் புழுதியில் ஒவ்வொரு பந்துக்கும் என் காலடித் தடத்தைப் பார்த்தோம். பத்துப் பந்தில் எட்டுக்கு என் வலது கால் முதுகுப் பக்கமாக, அதாவது லெக் சைடுக்கு, ஒரு சாண் நகர்ந்திருந்தது. மட்டையைச் சரியாகத்தான் சுத்தியிருக்கேன். அது பந்துக்கு எட்டவே இல்லை, அவ்வளவுதான். அப்போ ஆசிரியை ஒரு ராஜாவின் கதையைச் சொன்னார். நூலகத்திலும் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரஞ்சிக் கோப்பை தெரியும் இல்லையா? அந்த ரஞ்சிதான் இவர். முழுப் பெயர் ரஞ்சித்சிங்ஜி. 1872 செப்டம்பர் 10 அன்று இப்போதைய குஜராத்தில் சரோதர் என்ற கிராமத்தில் பிறந்தார். நவாநகர் ராஜா இவரை வாரிசு ஆக்கிக்கொண்டு, அப்புறம் வேண்டாம் என்று விலக்கிவிட்டார். ராஜ்கோட்டில் படித்தபோது கிரிக்கெட் கற்றார். 1888-இல் இங்கிலாந்துக்குப் போய், பிறகு கேம்பிரிட்ஜில் சேர்ந்தார்.

அங்கேதான் விஷயமே இருக்கு. வேகப்பந்து வந்தால் ரஞ்சியின் வலது காலும் லெக் சைடுக்கு ஓடுமாம்! படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்தக் காலத்தில் ஹெல்மெட் கிடையாது. பயம் வராமல் இருந்தால்தான் அதிசயம். பயிற்சி கொடுத்த டான் ஹேவர்டு ஒரு வேலை செய்தார். ரஞ்சியின் வலது காலைத் தரையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

கட்டினதும் பயம் போயிடுச்சுன்னு நினைப்பீங்க. போகலை. வலது கால் நகர முடியாததால் இடது கால் ஓட ஆரம்பித்தது. ஆனால் இந்தத் தடவை எதிர்ப்பக்கம், அதாவது ஆஃப் சைடுக்கு. இப்போ உடம்பு பந்தின் பாதையைத் தாண்டிப் போய்விடும், பந்து கால் பக்கமாக வரும். கடைசி நொடியில் மணிக்கட்டை லேசாகத் திருப்பினார். பந்து மட்டையை உரசி விக்கெட் கீப்பருக்குப் பக்கவாட்டில் பின்னாலே ஓடிவிட்டது. இதுதான் லெக் கிளான்ஸ். அப்போது பெரும்பாலும் ஆஃப் சைடிலேயே ஆடுவார்கள், பீல்டர்களையும் அங்கேதான் அதிகம் நிறுத்துவார்கள். லெக் சைடு காலியாகக் கிடந்தது.

இதை நான் யோசித்துப் பார்த்தேன். ஓங்கி அடிக்க வேண்டுமானால், எதிரே வரும் பந்தை நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குப் பலம் வேண்டும். லெக் கிளான்ஸில் பந்து தன் வேகத்திலேயே போகும், நாம் திசையை மட்டும் மாற்றுகிறோம். அதனால் பந்து எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் ஒரு ஆபத்து இருக்கு. பந்தை விட்டுவிட்டால் நேராகக் காலில் பட்டு எல்.பி.டபிள்யூ.தான். கண் கூர்மையாக இருந்தால்தான் இது சரிப்படும். ரஞ்சிக்கு இருந்தது.

1893-இல் கேம்பிரிட்ஜ் அணியில் இடம் கிடைத்தது. 1895-இல் சசெக்ஸ் அணிக்காக லார்ட்ஸில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே 77, 150. 1896-இல் முதல் டெஸ்டுக்கு இவரை எடுக்கவில்லை. மான்செஸ்டரில் நடந்த அடுத்த டெஸ்டில் எடுத்தார்கள். 62 ரன், பிறகு ஆட்டமிழக்காமல் 154. அதில் 113 ரன் ஒரே நாளில் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பு எடுத்தது! அப்படியும் இங்கிலாந்து தோற்றது. டெஸ்ட் ஆடிய முதல் இந்தியர் இவர்தான். அதே ஆகஸ்டில் யார்க்ஷையருக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு சதம் அடித்தார். மொத்தம் 15 டெஸ்ட், 989 ரன்.

எல்லா டெஸ்டும் இங்கிலாந்துக்காகத்தான். அப்போது இந்திய டெஸ்ட் அணி கிடையாது என்பது சரி. ஆனால் 1907-இல் நவாநகர் ராஜா ஆன பிறகும் இந்திய கிரிக்கெட்டுக்கு இவர் பெரிசாக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. 1915-இல் வேட்டையின்போது குண்டு பட்டு வலது கண் போய்விட்டது. அப்படியும் 1920-இல், 47 வயதில், ஒற்றைக் கண்ணோடு சசெக்ஸுக்காக மூன்று ஆட்டம் ஆடினார். ரன் வரவில்லை. ஆனால் பந்துக்கு எதிரே போய் நின்றாரே! இதைப் படிச்சப்போ என் கை தானாகப் புருவத்துக்குப் போச்சு.

1933 ஏப்ரல் 2 அன்று ஜாம்நகரில் இறந்தார். அடுத்த வருடம், 1934 நவம்பர் 4 அன்று, அவர் பெயரிலான கோப்பையின் முதல் ஆட்டம் நம்ம சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது. மைசூருக்கு எதிராக முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே.கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்தவர். ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, மெட்ராஸ் ஒரே நாளில் ஜெயித்துவிட்டது.

நானும் கட்டிப் பார்த்தேன். ஏரியில் முளைக்குச்சி அடித்து, மாட்டுக் கயிற்றால் வலது காலைக் கட்டினேன். முதல் பந்துக்கே தடுமாறிக் குப்புற விழுந்தேன். அண்ணன்கள் சிரித்த சிரிப்பில் கரையில் மேய்ந்த ஆடெல்லாம் திரும்பிப் பார்த்தது. நான்காம் நாள் ஒரு பந்து மட்டையில் உரசிப் பின்னாடி கருவேல முள்ளுக்குள் ஓடிடுச்சு. யாரும் சிரிக்கவில்லை. பந்தைத் தேடவே கால் மணி நேரம் ஆச்சு.

இப்போ கயிறு இல்லாமல் ஆடுகிறேன். நேற்று தடத்தைப் பார்த்தோம், பத்துக்கு நான்கு நகர்ந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்து போட ஆள் வேணும். பெண்கள் யாராவது வந்தால் ரொம்ப நல்லது. ரப்பர் பந்துதான், கார்க் பால் இல்லை.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி