நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை

பாடசாலைக் காற்றிசைக் குழுவிலே குழல் ஊதும் மாணவர்கள் ஒன்றை நன்கு அறிவர். வாசிப்புத் தொடங்குமுன் எல்லோரும் ஒரே சுரத்தை ஊதிப் பார்த்தல் வேண்டும். குழல் சற்றே நீண்டால் ஒலி தாழும், குறுகினால் உயரும், மூச்சின் சூட்டினாலும் உயரும். குரோய்டனில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான இத்தொல்லை, தமிழகத்தின் மாபெருங் கலைஞர் ஒருவரையும் வருத்தியது.

இராஜரத்தினம்பிள்ளை 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் திருமருகலிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனாராகிய நாதஸ்வர வித்துவான் திருமருகல் நடேசபிள்ளை அவரைத் தத்தெடுத்து வளர்த்தார். வாய்ப்பாட்டையும் முறையாகக் கற்ற இராஜரத்தினம், பின்னர் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்துவானாகத் திகழ்ந்தார்.

அக்காலத்தில் வழங்கியது திமிரி எனும் குட்டையான நாதஸ்வரம். அதன் சுருதி நான்கு, நாலரைக் கட்டை. பியானோவின் 'சி' சுரத்தை ஒரு கட்டை எனக் கொண்டால் 'எஃப்' நான்கு கட்டையாகும். சுவாமி புறப்பாட்டின்போது நெடுந்தூரம் கேட்பதற்கு அவ்வோங்கிய ஒலி ஏற்றதே. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. சுத்த மத்திமம் தன் இடத்தில் நில்லாது, பிரதி மத்திமத்தின் பக்கம் சாய்ந்து ஒலித்தது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதனை அடக்கிக் கீழே கொணர வேண்டும். இராஜரத்தினத்தின் புகழுக்கு உறைவிடமான தோடி இராகமோ சுத்த மத்திமம் உடையது! மணிக்கணக்காகத் தோடியை ஆலாபனை செய்பவருக்கு அந்த ஒரு சுரம் எத்தகைய சுமையாயிருந்திருக்கும்!

அவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியை நாடினார். ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்யும் கைவினைஞர் அவர். குழலை நீட்டினால் சுருதி தாழும் என்பது எவர்க்கும் தெரியும். நீட்டியபின் ஏழு விரல் துளைகளையும் எங்கே இடுவது என்பதே வினா. துளை மயிரிழை விலகினாலும் சுரம் பிசகிவிடும். ஆச்சாரி கடைந்து கொடுப்பதும், வித்துவான் ஊதிப் பார்ப்பதுமாகப் பல முயற்சிகளின் பின்பே சுத்த மத்திமம் தூயதாய் ஒலிக்கும் பாரி நாதஸ்வரம் உருவாயிற்று. இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியும் கம்பீரமான நாதமும் கொண்ட அதுவே இன்று பெரிதும் வழங்குகிறது. இப்பெருமையில் ஆச்சாரிக்குரிய பங்கை நம்மவர் போதிய அளவு பேசுவதில்லை என்பது எம் எண்ணம்.

சுருதி கூட்டும் ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டதும், நாதஸ்வரக் கலைஞரும் மேடையில் அமர்ந்தே வாசிக்க வேண்டுமென வற்புறுத்தியதும் அவரது துணிவுக்குச் சான்றுகள். குடுமி நீக்கிக் கிராப்பு வைத்தார். 1940இல் வெளியான காளமேகம் திரைப்படத்தில் நடித்தார். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்ற வேளையில் டெல்லியில் அவரது நாதஸ்வரம் முழங்கியது.

பெரும் பொருள் ஈட்டியும் அவர் சேர்த்து வைத்தாரில்லை. 1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மறைந்தார்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கோயிற் திருவிழாவில் நாதஸ்வரத்தை அருகே காணும் பிள்ளைகள் அதன் அடிப்பகுதியை உற்று நோக்குக. விரல் படாத சில துளைகள் அங்கே இருக்கும். அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்துமே சுருதியைச் சரிசெய்கின்றனர்.