ஊர்தோறும் ஆடியவர்

ஓர் ஆட்டக்காரர் அணி மாறிக்கொண்டே இருந்தால், குறை அவரிடம்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். பட் ஃபவுலரின் வாழ்க்கை அந்த எண்ணத்தைத் திருத்துகிறது.

ஜான் ஜாக்சன் என்ற இயற்பெயருடன் 1858-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு முடிதிருத்துநரின் மகனாகப் பிறந்த ஃபவுலர், அம்மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் வளர்ந்தார். 1878-இல் ஊதியத்துக்கு பேஸ்பால் ஆடத் தொடங்கினார். வரலாறு அறிந்தவரை, கறுப்பினத்தின் முதல் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே.

மைதானத்தில் பெரும்பாலும் இரண்டாம் தளத்தைக் காத்தார். அத்தளத்தை நோக்கிச் சறுக்கி வந்த வெள்ளையர்கள் ஆணி பதித்த காலணிகளால் அவர் கால்களைக் குறிவைத்தனர். மரப்பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு அவர் ஆடினார்.

ஸ்டில்வாட்டர், கியோகக், டொபீகா என ஊர்கள் மாறின. 1887-இல் பிங்காம்டன் அணியில் மட்டையாட்டத்தில் சிறந்து விளங்கிய வேளையிலேயே சக வீரர்கள் அவருடன் ஆட மறுத்தனர். அணி அவரை விடுவித்தது. அந்த ஜூலையில், கறுப்பினத்தவருடன் புதிய ஒப்பந்தங்கள் இல்லை என்று அந்த லீக்கே முடிவெடுத்தது.

மனந்தளராத ஃபவுலர், மிச்சிகனில் 1895-இல் களமிறங்கிய பேஜ் ஃபென்ஸ் ஜயன்ட்ஸ் என்ற கறுப்பினத்தவர் அணியை உருவாக்குவதில் முன்னின்றார். 1913-இல் வறுமையில் மறைந்தார். அவரது கல்லறை 1987 வரை பெயர்க்கல்லின்றிக் கிடந்தது. அவர் வளர்ந்த கூப்பர்ஸ்டவுனிலேயே அமைந்துள்ள பேஸ்பால் புகழரங்கம் 2022-இல்தான் அவரை ஏற்றது.

ஒருவர் எத்தனை அணிகளில் ஆடினார் என்று எண்ணும்போது, எத்தனை கதவுகள் அவருக்கு அடைக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.