பிரெஞ்சுப் புத்தகமும் ஒரு தஞ்சை ராஜாவும்



தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனால், அங்கே கைகூப்பி நிற்கும் ஒரு வெள்ளைப் பளிங்குச் சிலையைப் பார்க்கலாம். "யாரோ ஒரு ராஜா" என்று நகர்ந்துவிடுகிறோம். அவர்தான் இரண்டாம் சரபோஜி. அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அவர் சேர்த்த நூல்களில், பிரெஞ்சு மொழியில் ஒரு கெமிஸ்ட்ரி புத்தகம் இருக்கிறது!

1777-ல் பிறந்தவர். பிள்ளை இல்லாத துளஜா மன்னர் 1787-ல் அவரைத் தத்து எடுத்தார். அதே ஆண்டில் காலமாகிவிட்டார். காவலராக வந்த அமர்சிங் தானே ராஜாவாகி, பத்து வயதுப் பையனை அடைத்து வைத்தார். வெளிச்சம் இல்லை, படிப்பு இல்லை. கை கொடுத்தவர் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார். அவர் முயற்சியால் 1793-ல் பையன் சென்னைக்குப் போனான். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு பாதிரியாரிடம் பாடம். காலேஜ் கிடையாது, பட்டம் கிடையாது. 1798 ஜூனில் சரபோஜிக்கு முடிசூட்டு விழா. அதைப் பார்க்க ஷ்வார்ட்ஸ் இல்லை. நாலு மாதம் முன்புதான் கண்மூடியிருந்தார்.

அடுத்த ஆண்டே, 1799 அக்டோபரில், ஆட்சியைக் கும்பெனி வாங்கிக்கொண்டது. கோட்டையும் சுற்றுவட்டமும் மட்டும் மிச்சம். அதோடு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். காவிரி பாயும் நெல்வயல் அத்தனையும் போன பிறகு ஒரு இருபத்திரண்டு வயது ராஜா என்ன செய்வார்? வேட்டை, விருந்து என்று காலத்தை ஓட்டியிருக்கலாம். இவரோ புத்தகம் வாங்கினார்!

அவருக்குப் பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் தெரியும் என்று வரலாற்று நூல்கள் பட்டியலை நீட்டிக்கொண்டே போகும். பட்டியலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய அலமாரிதான். லண்டனிலிருந்து டோரின் என்பவர் அவருக்காகப் புத்தகங்கள் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தார். கப்பலில் வர எத்தனை மாதம்! அந்தச் சேகரிப்பில் லவாய்சியர் 1789-ல் எழுதிய வேதியியல் நூல் பிரெஞ்சு மூலத்திலேயே இருக்கிறது. இதை இங்கிலீஷில் 1790-லேயே மொழிபெயர்த்துவிட்டார்கள். சரபோஜிக்கோ இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். சுலப வழி இருந்தும் மூல நூல் தஞ்சாவூருக்கு வந்திருக்கிறது பாருங்கள்.

பிரெஞ்சு படிப்பது என்றால் சும்மாவா? வணக்கம், நன்றி, ஒன்று, இரண்டு, மூன்று... இந்த முதல் படி ஒரு மாதத்தில் வந்துவிடும். யுனிவர்சிட்டியில் பிரெஞ்சு எடுப்பவர்கள் திணறுவது அடுத்த படியில்தான். வினைச்சொல் ஆளுக்கு ஒரு மாதிரி மாறும். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்! நமக்கு இரண்டுமே அஃறிணை. எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று; தண்ணீருக்கு மூன்று எழுத்து எழுதிவிட்டு 'ஓ' என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் கதைப் புத்தகத்தைவிட நம் பாடப் புத்தகம்தான் கைகொடுக்கும் என்பது என் கட்சி. ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்ற பெயர்களே பிரெஞ்சுக்காரர்கள் வைத்தவை. பாதி வார்த்தை முன்பே தெரிந்திருக்கும். வினைக்கு முன்னும் பின்னும் எடை மாறாது என்று லவாய்சியர் தராசு வைத்துக் காட்டியது முதலாம் ஆண்டில் நாம் படித்ததுதானே? விஷயம் தெரிந்தால் வாக்கியம் பிடிபடும். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலீஷ் டெக்ஸ்ட் புக்கோடு மல்லுக்கட்டும் நமக்கு இது புதிதா என்ன? அந்த லவாய்சியரை 1794-ல் புரட்சிக்காரர்கள் கில்லட்டினில் வெட்டிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

1826-ல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர் அசந்துபோய் எழுதி வைத்திருக்கிறார். ஃபூர்க்ருவா, லவாய்சியர், லின்னேயஸ், பஃபான் என்று ராஜா சரளமாக எடுத்துச் சொன்னாராம். நால்வரில் லின்னேயஸ் சுவீடன்காரர். மற்ற மூவரும் பிரெஞ்சுக்காரர்கள்!

படித்தது பேச்சோடு நிற்கவில்லை. 1805-ல் அரண்மனையிலேயே தேவநாகரி அச்சுக்கூடம். தன்வந்திரி மகாலில் மருந்து ஆராய்ச்சி. கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, கண்ணைப் படமாக வரைந்து குறிப்போடு வைத்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன.

எனக்கு உறுத்தும் விஷயமும் ஒன்று உண்டு. பட்டுக்கோட்டைப் பக்கம், கடலோரத்தில் மனோரா நிற்கிறதே, எட்டு அடுக்கு அறுகோணக் கோபுரம்... அது நெப்போலியனை இங்கிலீஷ்காரர்கள் வென்றதைக் கொண்டாட 1814-15-ல் இவர் கட்டியது. தன் நாட்டை வாங்கிக்கொண்டவர்களின் வெற்றிக்கு விழா! ஒரு பக்கம் பிரெஞ்சு விஞ்ஞானம், மறுபக்கம் பிரெஞ்சுத் தோல்விக்குக் கோபுரம். பென்ஷன் வாங்கும் ராஜாவுக்கு வேறு வழி இருந்ததா? இருந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

1832 மார்ச்சில் காலமானார். 1855-ல் மகன் சிவாஜியும் இறந்ததும் அந்த மிச்ச ராஜ்யமும் போயிற்று. புத்தகங்கள் போகவில்லை. 1918-லிருந்து சரசுவதி மகால் பொது நூலகம். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லெ ப்ரூன் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படங்கள் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. ஆந்தை மூக்கு ஆசாமியைத் தவறவிடாதீர்கள். பெரிய கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம்.