ஸர் பிரான்ஸிஸ் வால்ஸிங்காம்

ஒற்றரை அரசனுடைய கண்ணாகக் கருதியவர் நம் முன்னோர். வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அக்கண்ணைக் கொண்டு தம் நாட்டைக் காத்த அமைச்சர்களுள் இங்கிலாந்தின் ஸர் பிரான்ஸிஸ் வால்ஸிங்காம் தலைசிறந்தவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஏறத்தாழ 1532-ஆம் ஆண்டில் வழக்கறிஞர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியிற் பயின்றார். புராட்டஸ்டண்டு சமயத்தினராதலின், மேரி டூடர் ஆண்ட காலத்தில் தாய்நாட்டை விட்டகன்று, இத்தாலியிலுள்ள பாதுவாவிற் சட்டங் கற்றார். 1558-இல் எலிசபெத் அரியணை ஏறிய பின்னரே மீண்டார். 1570 முதல் 1573 வரை பாரிஸ் நகரில் தூதராயிருந்தார். 1572 ஆகஸ்டு மாதம் அந்நகரிற் புராட்டஸ்டண்டுகள் படுகொலை செய்யப்பட்டபொழுது அவர் இல்லம் பலருக்குப் புகலிடமாயிற்று. அன்று கண்ட கொடுமையே அவர் பின்னாளிற் காட்டிய கடுமைக்கு வித்தாயிற்று எனலாம்.

1573 டிஸம்பரில் அரசியின் செயலாளரானார். அக்காலத்தே ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசி மேரி ஸ்டூவர்ட், 1568 முதல் இங்கிலாந்திற் காவலில் இருந்தார். கத்தோலிக்கராகிய அவரை எலிசபெத்தின் அரியணையில் அமர்த்தப் பலர் சூழ்ச்சி செய்தனர். சார்ட்லி மாளிகையில் மேரி அடைபட்டிருந்தபொழுது, கில்பர்ட் கிபர்டு என்பான் அவருக்கு அந்தரங்கத் தபால் வழியொன்றை அமைத்துக் கொடுத்தான். மாளிகைக்குச் செல்லும் பீர்ப் பீப்பாயினுள் கடிதங்கள் மறைந்து சென்றன. கிபர்டோ வால்ஸிங்காமின் ஆள்! ஒவ்வொரு கடிதமும் முத்திரை பழுதுறாவண்ணம் திறக்கப்பட்டு, தாமஸ் பிலிப்ஸ் என்னும் குறியெழுத்து வல்லுநரிடம் சேர்ந்தது. குறியெழுத்தாவது, எழுத்துக்களுக்கும் சில சொற்களுக்கும் பதிலாக அடையாளங்களை இட்டெழுதுவது. மொழியிற் சில எழுத்துக்கள் மிகுதியாக வருமாதலால், அடிக்கடி தோன்றும் அடையாளத்தைக் கொண்டு எழுத்தை உய்த்துணர்தல் இயலும்.

1586 ஜூலையில் அந்தோணி பாபிங்டன் என்னும் இளைஞன், எலிசபெத்தைக் கொல்லும் திட்டத்தை மேரிக்கு எழுதினான். மேரி 17-ஆம் நாள் விடை விடுத்தார். அவ்விடையின் பிரதியிற் பிலிப்ஸ் தூக்குமரமொன்றை வரைந்தனுப்பினார். அத்துடன் அமையாது, கொலைசெய்யப் புகுந்த அறுவரின் பெயரைக் கேட்கும் சில வரிகளையும், மேரி எழுதியனபோல் அதே குறியெழுத்திற் புனைந்து சேர்த்தார். பாபிங்டன் செப்டம்பரில் மடிந்தான். அக்டோபரில் மேரி விசாரிக்கப்பட்டு, 1587 பிப்ரவரி 8-ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டார். விசாரணையில் வைக்கப்பட்டவை பிரதிகளே, மூலங்கள் அல்ல.

இவ்வரலாற்றில் நாம் சிந்திக்கத்தக்கவை இரண்டு. மேரியைக் கெடுத்தது குறியெழுத்தன்று. அதன்மீது அவர் வைத்த நம்பிக்கையே. மறைவென்று எண்ணாதிருந்தால் அவர் அடக்கத்தோடு எழுதியிருப்பார். தூதும் எழுத்தும் ஒருங்கே பகைவர் கையிற் பட்டன என்பதை அவர் உணரவில்லை. மற்றொன்று, பிறர் கடிதத்தை மறைவிற் படிக்க வல்லவன் அதில் எழுதவும் வல்லவனாகிறான் என்பது. ஓர் ஒற்றன் கூற்றை மற்றோர் ஒற்றனால் ஒப்பிட்டறிதல் வேண்டுமென்பது பழந்தமிழர் நீதி. பிலிப்ஸுக்கோ, படித்தவரும் பிரதியெடுத்தவரும் புனைந்தவரும் ஒருவரே! சூழ்ச்சி மெய், அதனை மெய்ப்பிக்கப் பொய் கலத்தல் நீதியாமோ? கடிதம் போய் மின்செய்தி வந்த இக்காலத்தும் இவ்வினா அகலவில்லை.

எனினும் வால்ஸிங்காம் தன்னலங் கருதியவரல்லர். ஒற்றுப்பணிக்குத் தம் கைப்பொருளையும் செலவிட்டார். மருமகனார் ஸர் பிலிப் ஸிட்னி 1586-இல் போரிற் பட்ட புண்ணால் இறந்தபின் அவர்தம் கடனும் இவர் தலைமேல் விழுந்தது. 1588-இல் ஸ்பானியக் கடற்படை தோல்வியுற்றதைக் கண்ட பின்னர், 1590 ஏப்ரல் 6-ஆம் நாள் கடனாளியாகவே இறந்தார். லண்டனிற் பழைய தூய பவுல் பேராலயத்தில், ஆரவாரமின்றி இரவிலே அடக்கஞ் செய்யப்பட்டார். நாட்டைக் காத்த அவர்தம் விழிப்பைப் போற்றுவோம். அவ்விழிப்புக்கும் ஒரு காவல் வேண்டுமென்பதை மறவாதிருப்போமாக.