ஒரே செல்லில் தொடங்கிய ஹான்சன்: ஸ்ட்ராங் பீருக்கு எவ்வளவு ஈஸ்ட்?

உயிர் உரம் வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது விதி. எடை சரியாக இருந்து செல் எண்ணிக்கை குறைந்தால் அது வெறும் கரித்தூள்தான். நுண்ணுயிரை எடையால் அளக்காமல் எண்ணிக்கையால் அளக்கும் பழக்கம் வேரூன்றிய இடங்களில் ஒன்று, டென்மார்க்கின் ஒரு பீர் ஆலை. அதைச் செய்துகாட்டியவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன்.

ஹான்சன் 1842-ல் ரீபே என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலை செய்தார். ஓவியராக விரும்பினார், கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, மற்றவர்கள் படிப்பை முடித்துவிட்ட வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1876-ல் அவருக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? கால்நடைச் சாணத்தில் முளைக்கும் பூஞ்சைகள். எருக்குழியைத் தினமும் பார்க்கும் உங்களுக்கு இந்த மனிதரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

1879-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் உடலியல் பிரிவுக்குத் தலைவரானார். ஆலை உரிமையாளர் ஜேக்கப்சன் 1845-ல் மியூனிக்கிலிருந்து ஈஸ்ட் கொண்டுவந்து தொழிலை வளர்த்தவர். குதிரை வண்டி நின்ற இடமெல்லாம் ஈஸ்ட் டப்பாவின் மேல் குளிர்ந்த நீர் ஊற்றிக்கொண்டே வந்தார் என்று சொல்வார்கள். அந்த ஈஸ்ட்டைத்தான் ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு, உறைமோர் எடுத்து வைப்பதைப் போல, பல ஆண்டுகள் மாற்றிவந்தார்கள்.

1883-ல் ஆலையின் பீர் கெட்டது. கசப்பும் துர்வாடையும் வந்தன. பீர் கெட்டால் பாக்டீரியாதான் காரணம் என்பது பாஸ்டர் வகுத்த கருத்து. ஜேக்கப்சன் பாஸ்டரைப் பெரிதும் மதித்தவர். குற்றவாளி ஈஸ்ட்டுக்குள்ளேயே இருக்கிறது, நல்ல ஈஸ்ட்டோடு காட்டு ஈஸ்ட் கலந்திருக்கிறது என்று ஹான்சன் சொன்னபோது அவர் எளிதில் ஏற்கவில்லை. ஆனால் ஹான்சனிடம் ஆதாரம் இருந்தது. பழுத்த பழங்களில் பெருகும் காட்டு ஈஸ்ட் மழையோடு மண்ணுக்குப் போய், குளிர்காலத்தை மரத்தடியிலேயே கழித்து, அடுத்த பருவத்தில் மீண்டும் பழத்துக்கு ஏறுகிறது என்பதை அவர் ஏற்கெனவே கண்டறிந்திருந்தார். தோட்டத்துத் தூசி ஆலைக்குள் வர எவ்வளவு நேரமாகும்?

நிரூபிக்க அவர் எடுத்த வழி எண்ணுவதுதான். நுண்ணோக்கியில் ஒரு துளியிலுள்ள செல்களை எண்ணினார். துளியில் 10 செல் என்றால், அதைக் கிருமிநீக்கிய 20 மில்லி நீரில் கலந்தார். இப்போது ஒரு மில்லிக்கு அரை செல். அந்த நீரை ஒவ்வொரு மில்லியாகக் குடுவைகளில் விட்டு, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்தார். சில குடுவைகளில் ஒன்றும் வளராது. சுவரில் ஒரே ஒரு புள்ளி மட்டும் தோன்றும் குடுவை, ஒரே செல்லின் வம்சம். இப்படி ஆலையின் ஈஸ்ட்டில் நான்கு வகைகளைப் பிரித்தார். நல்ல பீர் தந்தது அவற்றில் ஒன்றுதான். 1883 நவம்பரில் அந்தத் தூய ஈஸ்ட் உற்பத்திக்குப் போனது.

ஒரு செல்லிலிருந்து ஒரு தொட்டிக்குப் போவது எப்படி? காளான் வளர்ப்பவர்களுக்குத் தாய் வித்து, படுக்கை வித்து என்றால் புரியும். அதே முறைதான். சிறு குடுவை, பெரிய குடுவை, பிறகு ஆலை இயக்குநர் கூலேவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மூடிய பெருக்குக் கலன். ஒரு செல் 38 முறை இரட்டித்தால் சுமார் 27,500 கோடி ஆகிவிடும்.

இந்த எண்ணிக்கை வீட்டில் பீர் தயாரிப்பவருக்கும் வேண்டும், குறிப்பாக ஸ்ட்ராங் பீருக்கு. (நம் மாநிலத்தில் உரிமமின்றித் தயாரிப்பது குற்றம். அனுமதி உள்ள நாடுகளில் வசிக்கும் வாசகர்களுக்கே இந்தக் கணக்கு.) ஏல் வகைக்கு, மால்ட் சாற்றின் ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும் மில்லிக்கு 7.5 லட்சம் செல் என்பது நடைமுறை. பிளேட்டோ டிகிரி என்பது 100 கிராம் சாற்றில் கரைந்துள்ள சர்க்கரைப் பொருளின் கிராம் அளவு. 20 டிகிரிச் சாறு 20 லிட்டர் என்றால் 30,000 கோடி செல்கள் தேவை. உலர் ஈஸ்ட் கிராமுக்குச் சுமார் 1,000 கோடி என்று வைத்தால் 30 கிராம், அதாவது 11 கிராம் பாக்கெட்டுகள் மூன்று. ஹான்சன் பிரித்த லாகர் ஈஸ்ட் குளிரில் வேலை செய்வதால் அதற்கு இரு மடங்கு.

ஏன் இத்தனை? அடர்ந்த சர்க்கரை தொடக்கத்திலேயே செல்லிலிருந்து நீரை இழுக்கும். முடிவில் ஆல்கஹால் அதன் தோலை அரிக்கும். அந்தத் தோலுக்கு வேண்டிய ஸ்டெரால் என்ற கொழுப்பைச் செய்ய ஆக்சிஜன் வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் தாயின் இருப்பு மகளோடு பாதியாகும். குறைவாக இட்டால் செல்கள் அதிகமுறை பிரிந்து, மெலிந்து, பாதி வழியில் நின்றுவிடும். பீர் இனிப்பாகவே தேங்கும்.

திரவ ஈஸ்ட் என்றால் முதலில் வித்தைப் பெருக்கிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட் சாறு, 15 நிமிடம் கொதி, ஆறவைத்து ஈஸ்ட் இட்டு அடிக்கடி குலுக்கல். ஒரு படியில் பத்து மடங்குக்கு மேல் அளவைக் கூட்ட வேண்டாம். ஸ்ட்ராங் பீர்தானே என்று வித்துச் சாற்றையும் அடர்த்தியாக்குபவர்கள் உண்டு. அது நாற்றங்காலிலேயே யூரியாவைக் கொட்டுவது போலாகும்.

ஜேக்கப்சன் கடைசியில் ஹான்சனின் பக்கம் வந்தார். ஆய்வக முடிவு எதையும் ரகசியமாக வைக்கக்கூடாது என்பது அவரே எழுதிவைத்த விதி. ஆகவே அந்த ஈஸ்ட் கேட்ட ஆலைகளுக்கெல்லாம், போட்டியாளர்களுக்கும், இலவசமாகவே போனது. ஹான்சன் 1909-ல் இறக்கும்வரை அதே ஆய்வகத்தில்தான் இருந்தார்.