ஒரு வரலாற்று நூலும் ஒரு மகளின் மனச்சான்றும்

ஆங்கில நாவல் இலக்கியத்தில் ஜோர்ஜ் எலியட் என்னும் பெயர் அழியாப் புகழ் பெற்றது. ஆண் பெயர் தாங்கி எழுதிய அவர், மேரி ஆன் எவன்ஸ் என்னும் பெண்மணியாவார். 1819ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் வோரிக்சயர் பகுதியில் அவர் பிறந்தார். தந்தையார் றொபேட் எவன்ஸ் பெருநிலக்கிழார் ஒருவரின் நிலபுலங்களை மேற்பார்வை செய்தவர். 1836இல் தாயார் மறைந்தார். பின்னர் வீட்டுப் பொறுப்பை ஏற்ற மேரி, ஓயாது நூல்களைக் கற்றார். சமயப் பற்றிலும் சிறந்து விளங்கினார்.

1841இல் தந்தையும் மகளும் கொவன்றி நகருக்கு அண்மையில் குடியேறினர். அங்கே சாள்ஸ் ஹெனல் என்பார் எழுதிய நூலை மேரி வாசித்தார். கிறித்தவ சமயத்தின் தோற்றத்தை வரலாற்று நோக்கில் ஆராயும் அந்நூல் 1838இல் வெளிவந்தது. தமது நம்பிக்கையை உறுதிப்படுத்தவே ஆராயப் புகுந்த ஹெனல், அற்புதங்களுக்குப் போதிய சான்று இல்லை என்னும் முடிவையே அடைந்தார். மேரியின் உள்ளத்தில் முன்பே அரும்பியிருந்த ஐயங்களை அந்நூல் வலுப்படுத்தியது.

1842 ஜனவரி 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் செல்ல அவர் மறுத்தார். நம்பாததை நம்புவதாக நடிக்க அவர் மனச்சான்று இடந்தரவில்லை. தந்தையார் சினங்கொண்டார்; வீட்டையே விட்டுவிட எண்ணினார். மேரி சில வாரங்கள் தமையனார் இல்லத்தில் தங்கினார். இறுதியில் இருவரும் இணங்கினர். மகள் தந்தையுடன் தேவாலயம் செல்வார். அங்கே அவர் என்ன எண்ணுகிறார் என்பதில் தந்தை தலையிடார்.

மேரி தம் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. இயேசுவின் வாழ்வை ஆராய்ந்து ஸ்ட்ராவுஸ் எழுதிய ஜெர்மன் நூலை மொழிபெயர்த்தார். 1846இல் அது அவர் பெயரின்றியே வெளிவந்தது. நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்து, ஸ்கொட்டின் நாவல்களை வாசித்துக் காட்டினார். 1849 மே 31இல் தந்தையார் மறையும்வரை அவரைப் பிரியவில்லை. அன்றைய பிணக்கைச் சற்று நயமாகத் தவிர்த்திருக்கலாமே எனப் பிற்காலத்தில் அவர் வருந்தியதுண்டு. 1859இல் வெளிவந்த ஆதாம் பீட் நாவலின் நாயகனிடம் தந்தையாரின் குணநலன்கள் சில காணப்படுகின்றன. சமயப் பற்றுடையோரையும் அந்நாவலில் அவர் மதிப்புடனேயே படைத்தார். 1880 டிசம்பர் 22இல் அவர் காலமானார்.

மாணவச் செல்வங்களே, வரலாற்று நூலைக் கற்பவர் சான்று எங்கே என வினவுதல் வேண்டும். அவ்வினா பெற்றோரின் நெஞ்சைப் புண்படுத்தாவண்ணம் எழுதலும் வேண்டும். பெற்றோர்களாகிய நாமும் றொபேட் எவன்ஸ் இறுதியில் செய்ததை எண்ணிப் பார்ப்போம். பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு, அதன் சிந்தனைக்கு இடமளித்தார் அம்முதியவர். அவ்விடத்திலேயே ஒரு பேரெழுத்தாளர் வளர்ந்தார்.