கிளாடியேட்டர்களின் மருத்துவர்

விளையாட்டு அறிவியல் படிக்கிறேன் என்று சொன்னால், பி.ஜே. ஆசிரியராகப் போகிறாயா என்றுதான் உறவினர்கள் கேட்கிறார்கள். காயம்பட்ட ஆட்டக்காரரைக் கவனிப்பதெல்லாம் ஒரு படிப்பா என்ற சந்தேகம் அவர்களுக்கு. ஆனால் உலக மருத்துவ வரலாற்றின் பெரும் பெயர்களுள் ஒருவர் தம் தொழிலைத் தொடங்கியதே அங்கேதான். அவர் பெயர் கேலன்.

கி.பி. 129இல், இன்று துருக்கியில் பெர்காமா என வழங்கும் பெர்கமம் நகரில், கிரேக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை நிக்கோன் வசதி படைத்த கட்டடக் கலைஞர், பொறுமைசாலி. தாயாரோ கோபம் வந்தால் பணிப்பெண்களைக் கடித்தே விடுவாராம்! மகனைத் தத்துவம் படிக்க வைத்திருந்த நிக்கோனின் கனவில், அவனுக்குப் பதினாறு வயதானபோது, மருத்துவக் கடவுளான அஸ்கிளேப்பியஸ் தோன்றினார். உடனே மருத்துவப் படிப்பும் தொடங்கியது. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று அப்பா கனவு காண்பது நம் வீடுகளில் மட்டும் நடப்பதன்று போலும்.

சில ஆண்டுகளில் தந்தை இறந்துவிட, கிடைத்த சொத்தைக் கொண்டு சுமிர்னா, கொரிந்து, அலெக்சாந்திரியா எனப் பல ஊர்களில் பயின்றார். 157இல் ஊர் திரும்பியபோது வயது 28. அங்கே கிளாடியேட்டர் போர்வீரர்களுக்கு மருத்துவர் தேவைப்பட்டார். தேர்வு நடத்தியவர் தலைமைப் பூசாரி. கேலன் ஒரு குரங்கின் வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே எடுத்து, இதைச் சரிசெய்யுங்கள் பார்ப்போம் என்று மற்ற மருத்துவர்களுக்குச் சவால் விட்டார். யாரும் முன்வரவில்லை. அவரே சரிசெய்து காட்டினார். குரங்கு பாவம்தான், ஆனால் வேலை கிடைத்தது.

மனித உடலை அறுத்துப் பார்க்க அன்று வாய்ப்பில்லை. குரங்கையும் பன்றியையும் அறுத்துத்தான் கற்றார்கள். கேலனுக்கோ வாள் வெட்டுகள் வழியாகத் தசையும் தசைநாணும் நேரில் தெரிந்தன. காயத்தின் மேல் திராட்சை மதுவில் நனைத்த துணியை இட்டு, இரவும் பகலும் அது உலராமல் பார்த்துக்கொண்டார். குறுக்கே வெட்டுப்பட்ட தொடைத் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்தார். அவ்வீரர்கள் பெரும்பாலும் அவரையும் பார்லியும் உண்டு வந்தார்கள். அதனால் சதை உறுதியாக இல்லாமல் பஞ்சு போலாகிறது என்று குறித்து வைத்தார். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அடுத்தடுத்து வந்த பூசாரிகளும் அவரையே வைத்துக்கொண்டார்கள். 1993இல் எபேசு நகரில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் கண்டெடுத்த கிளாடியேட்டர் கல்லறையிலும், நன்றாக ஆறிய எலும்புக் காயங்கள் பல காணப்பட்டன. அந்த வட்டாரத்தில் இத்தகைய வீரர்களுக்கு நல்ல வைத்தியம் கிடைத்திருக்கிறது.

162இல் ரோமாபுரிக்குச் சென்றார். அங்கே ஒருவருக்கு விரல்கள் மரத்துப் போயிருந்தன. மற்றவர்கள் விரலுக்கே மருந்து தடவிக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியிலிருந்து விழுந்தவர் என்பதைக் கேலன் கேட்டறிந்து, நரம்பு புறப்படும் கழுத்தடியில் மருந்திட்டுக் குணப்படுத்தினார்.

பிறகு அடி அவருக்கே விழுந்தது. முப்பத்தைந்து வயதில் மற்போர்ப் பயிற்சியின்போது தோளில் பலத்த அடி. தோள்மூட்டு நழுவிவிட்டது என்று முடிவுகட்டிய பயிற்றுநர் கையை இழுக்கத் தொடங்கினார். (நம் காற்பந்துத் திடலிலும் தைலப் புட்டியோடு ஓடிவந்து காலை இழுக்க ஒருவர் எப்போதும் இருப்பார்!) வலியோடு கிடந்த கேலன், நழுவியது மூட்டன்று, காறையெலும்பு தோள்பட்டையோடு சேரும் இடமே விலகியிருக்கிறது என்று உணர்ந்து இழுப்பதை நிறுத்தச் சொன்னார். இறுக்கமான கட்டோடு நாற்பது நாள் பொறுத்திருந்தார். தோள் சரியாயிற்று.

பயிற்றுநர்களைக் கேலன் கடுமையாகச் சாடினார். உடல்நலம் மருத்துவத்தைச் சேர்ந்ததா, பயிற்சிக் கலையைச் சேர்ந்ததா என்று கேட்டுத் தனி நூலே எழுதி, மருத்துவத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். எனக்கு இதில் அவர்மேல் சற்று வருத்தம் உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடம்பைத் தேய்த்துவிடும் முறையைப் பயிற்றுநர்களிடமிருந்துதானே எடுத்துக்கொண்டார்? மற்றபடி அவர் எழுதியவை வியப்பளிக்கின்றன. மூச்சு வேகமெடுத்தால்தான் ஓர் அசைவு பயிற்சியாகும் என்றார். ஆகவே ஒருவருக்குப் பயிற்சியாவது இன்னொருவருக்கு வெறும் நடமாட்டமே. செலவில்லாத சிறுபந்து ஆட்டத்தைப் புகழ்ந்தும் ஒரு சிறுநூல் எழுதினார்.

தவறுகளும் செய்தார். விலங்குகளை வைத்து மனித உடலைக் கணித்ததால் வந்த பிழைகளை 1543இல் வெசேலியஸ் எடுத்துக்காட்டும் வரை மருத்துவர்கள் அப்படியே நம்பினார்கள்.

மாமன்னர் மார்க்கஸ் அரேலியஸின் மருத்துவராகவும், பின் அவர் மகன் கொமோடஸின் மருத்துவராகவும் இருந்தார். 'கிளாடியேட்டர்' படம் பார்த்தவர்களுக்கு இருவரையும் தெரியும். அந்தக் கொமோடஸ் உண்மையிலேயே அரங்கில் இறங்கிச் சண்டையிட்டவர். அவர் கொல்லப்பட்ட 192ஆம் ஆண்டிலேயே ரோமில் பெருந்தீ பரவி, கேலன் சேமித்து வைத்திருந்த நூல்களும் அரிய மருந்துகளும் எரிந்து போயின. அறுபதைக் கடந்திருந்த அவர் மீண்டும் எழுத உட்கார்ந்தார்.